திரைக்குப் பின்னால் கேட்ட குறட்டை

தண்டையார்பேட்டை டோல்கேட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு முஸ்லிம் பெண் இறந்துபோனால், பள்ளிவாசலுக்குத் தகவல் சொன்ன கையோடு ஷம்ஷாத்துக்குப் போன் போட்டுவிடுவார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, அடக்கத்துக்குத் தயார் செய்கிறவர் அவர். இருபத்தாறு வருடங்களில் இருநூறு பேருக்கு மேல் இருக்கும்.

இந்தக் காரியத்துக்கு அவர் வந்தது ஒரு மழைநாளில். அவர் குடியிருந்த மாடியில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துவிட்டாள். குளிப்பாட்ட வரவேண்டிய அம்மாள், வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் வந்து சேரவில்லை. மற்றவர்கள் தயங்கி நிற்க, ஷம்ஷாத் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உடலைத் தோளோடு அணைத்துத் தூக்கினார். நல்ல பலசாலி. பயமும் கிடையாது. ஒரு முறை செய்தவரைத்தானே மறுமுறையும் கூப்பிடுவார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

குளிப்பாட்டுகிறவர் கண்ணில் பட்டதை வெளியே சொல்லக்கூடாது. தழும்பு, புண், அடித்த தடம் எதுவானாலும் அது அந்த உடலோடு மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஷம்ஷாத் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததாக யாரும் சொன்னதில்லை. அவருடைய கணவர் மஜீது டோல்கேட்டிலிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரிடம்கூடச் சொன்னதில்லை.

மகள் ஆஃபியா பிறந்த பிறகு உடம்பு பருத்தது. கர்ப்பப்பையை எடுத்த பிறகு இன்னும் பருத்தது. அதன்பின் முட்டி வலியில் நடையும் குறைந்தது. ஐம்பத்திரண்டு வயதில் நூற்று முப்பத்தொரு கிலோ. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டும் உண்டு. படுத்தால் குறட்டை. கீழ்வீட்டுக்காரர் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டுதான் தூங்குவாராம். படுக்கவே முடியாத நாட்களில் சாப்பாட்டு மேசையில் முழங்கைகளை ஊன்றி, கைகளின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்குவார். காலையில் எழுந்தால் மண்டை கனக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் கண் சொருகும். ஒருமுறை கல்லில் தோசையை ஊற்றிவிட்டு அடுப்பின் முன்னால் நின்றபடியே தூங்கியிருக்கிறார். புகை நாற்றம் வந்து ஆஃபியா ஓடிவந்தாள். குண்டானவர்கள் தூங்குமூஞ்சிகள் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

ஆனால் நான்கு வருடங்களாக இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தூக்கத்தில் யாரோ நெஞ்சின் மேல் வந்து உட்காருவார்கள். தொண்டை அடைத்துக்கொள்ளும். கத்தவேண்டும் என்று தோன்றும், சத்தம் வராது. பிறகு காலில், கணுக்காலுக்கு மேலே, ஒரு விரல் தொடும். ஒரே ஒரு விரல், சில்லென்று. அந்தத் தொடுதலில் மூச்சு திரும்பி வரும். கண்ணைத் திறந்தால் இருட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இத்தனை பேரைத் தொட்ட கைக்கு அந்த விரலின் குளிர்ச்சி பழக்கமானதாக இருந்தது. தான் குளிப்பாட்டியவர்களில் யாருக்கோ எதிலோ குறைவைத்துவிட்டோம், அவர் வந்து கேட்கிறார் என்று ஷம்ஷாத் முடிவு செய்தார். பாத்திரம் கழுவும்போதும் வெங்காயம் நறுக்கும்போதும் ஒவ்வொரு முகமாக நினைவுக்குக் கொண்டுவருவார். கொருக்குப்பேட்டைக் கிழவிக்கு வலப்பக்கம் மூன்று முறை தண்ணீர் ஊற்றினோமா? தீக்காயத்தோடு வந்த பெண்ணுக்குக் கற்பூரம் வைத்தோமா? ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேட்பார். விரல் தொடுவது நிற்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், தூக்கத்தில் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவர் தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டு, "டாக்டர்கிட்டயும் ஒருவாட்டி காட்டுமா," என்றார். ஷம்ஷாத் தண்ணீரைக் குடித்தார். டாக்டரிடம் போகவில்லை.

போன வருடம் ஜூன் மாதம் திருவொற்றியூரிலிருந்து போன் வந்தது. இறந்தவர் பெயர் பல்கீஸ், ஐம்பத்தெட்டு வயது. மகன் காலித் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அவன் மனைவி ரூஹிதான் பேசினாள். காலை பத்து மணிக்கு மஜீது ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றிருந்தன. மணலிப் பக்கமிருந்து மேல்காற்று கேஸ் வாடையைக் கொண்டுவந்தது. வீட்டின் பின்பக்கம், சமையலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் போர்வைகளைத் திரையாகக் கட்டிப் பலகை போட்டிருந்தார்கள்.

பல்கீஸும் பெரிய உடம்புக்காரர். புரட்டுவதற்கு ஆறு பெண்கள் தேவைப்பட்டார்கள். கழுத்தைச் சுற்றி மடிப்புகளில் தோல் கன்னங்கரேலென்று தடித்திருந்தது. உதவிக்கு நின்ற பெண் அதை அழுக்கு என்று நினைத்துத் துணியால் தேய்க்கப்போனாள்.

"தேய்க்காதம்மா. அது அய்க்கு இல்ல," என்றார் ஷம்ஷாத்.

அவருக்குத் தெரியும். அவர் கழுத்திலும் அதே கறுப்பு இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொன்றையும் பார்த்தார். பல்கீஸின் இரண்டு முழங்கைகளுக்குக் கீழேயும் தோல் காய்த்துப்போயிருந்தது. மேசையில் கை ஊன்றித் தூங்குகிறவருக்கு வரும் காய்ப்பு. ஷம்ஷாத் தன் புடவைத் தலைப்பை இழுத்துத் தன் கைகளை மூடிக்கொண்டார். ஏன் மூடினார் என்று அவருக்கே புரியவில்லை.

குளிப்பாட்டல் முடியும் தறுவாயில், கற்பூரம் கலந்த தண்ணீருக்கும் துணிக்கும் மற்றப் பெண்கள் உள்ளே போனார்கள். ஷம்ஷாத் பலகையின் தலைமாட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஈரமுடியை விரல்களால் மூன்றாகப் பிரித்தார். முதல் பின்னலைத் தொடங்கினார். அதன்பின் நடந்தது அவருக்குத் தெரியாது. ரூஹி பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

கூடத்தில் இருபது முப்பது பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ரூஹி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அடித்தொண்டையில் தொடங்கி, கரகரவென்று ஏறி, உச்சிக்குப் போய்ப் பட்டென்று அறுந்தது. பிறகு நிசப்தம். பிறகு முங்கியவர் தண்ணீருக்கு மேலே வந்ததுபோல ஓர் இழுப்பு. மறுபடியும் கரகரப்பு.

அந்த வீட்டில் ஆறு வருடங்களாகக் கேட்ட சத்தம். ஓதிக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி மடியிலிருந்த குழந்தையின் காதைப் பொத்தினாள்.

ரூஹி எழுந்து ஓடினாள். "மாமி," என்று கூப்பிட்டுக்கொண்டே திரையை விலக்கினாள்.

பலகையில் வெள்ளைத் துணியின் கீழ் பல்கீஸ் கிடந்தார். தலைமாட்டில் ஷம்ஷாத், கையில் அந்த ஈரமுடியோடு, தலை மார்பில் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் அறுந்த நேரம் அது. மார்பு ஏறி இறங்கவில்லை. உதடுகள் நீலம். இரண்டு பெரிய உடம்புகளும் அசைவில்லாமல் இருந்தன. எந்த உடம்பிலிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று ரூஹிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று, இரண்டு என்று அவள் மனம் தானாக எண்ணத் தொடங்கியது. முப்பதைத் தாண்டியபோது முக்காலியில் இருந்த உடம்பு குலுங்கி மூச்சை இழுத்தது.

ஷம்ஷாத் கண்ணைத் திறந்தபோது எதிரே ரூஹி நின்றிருந்தாள். அழவில்லை. முகத்தில் என்னவோ வந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்களா," என்றாள் ரூஹி. "மாமி முயிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

அன்று அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகும் ஷம்ஷாத் கிளம்பவில்லை. சமையலறை வாசலில் ரூஹியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"தப்பு பண்ணிட்டேன்மா. மய்யித்து பக்கத்துல தூங்கிட்டேன். இதுக்கு முன்னாடி இப்டி ஆனதில்ல."

"பரவால்லக்கா. மாமியும் இப்டித்தான். பேசிகினே இருப்பாங்க, தூங்கிடுவாங்க. உங்க கொறட்ட கூட அச்சு அசல் அவங்களுது மாரியே கீது."

"எப்டி மௌத்தானாங்க?"

ரூஹி புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "நேத்து மத்தியானம் சாப்ட்டு படுத்தாங்க. எப்பவும் போல சத்தம். நாங்க டிவி பாத்துகினு இருந்தோம். ஒரு மூணு மணி இருக்கும், சத்தம் நின்னு போச்சு. அப்பப்ப நிக்கும், திரும்ப வரும். இந்தவாட்டி வரல. இன்னிக்காச்சும் நிம்மதியா தூங்கறாங்களேன்னு நான்தான் டிவி சத்தத்த கொறச்சேன். அஸர் தொழுகைக்கு எய்ப்ப போனேன்."

சுருட்டிய நுனியை விட்டுவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள்.

ஷம்ஷாத் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மஜீது டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான் தூங்கும்போது சத்தம் நிக்குதாங்க?"

மஜீது காலி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்கும்."

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது வரிக்கும் எண்ணுவேன். அதுக்கு மேல போச்சுன்னா கால்ல இடிப்பேன். நீ மூச்ச இழுத்துட்டு திரும்பி படுத்துக்குவே."

"எத்தால இடிப்பீங்க?"

அவர் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையைக் காட்டினார். குறட்டைக்காக மஜீதின் கட்டிலை அறை வாசற்படிக்கு வெளியே போட்டிருந்தார்கள். அங்கிருந்து கை எட்டாது. குடை எட்டும். அதன் நுனியில் எஃகுப் பூண்.

"எத்தினி நாளா?"

"நாலு வருசம் இருக்கும். சொன்னா நீ தூங்கவே பயந்துக்குவேன்னு சொல்லல."

ஷம்ஷாத் குடையைக் கையில் வாங்கி, பூணைப் புறங்கையில் வைத்துப் பார்த்தார். அந்த விரல்தான். நான்கு வருடங்களாக இறந்தவர்களிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டதை அப்போதுதான் அவரிடம் சொன்னார். மஜீதுக்குச் சிரிப்பு வரவில்லை. விரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. நெஞ்சில் உட்கார்ந்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. அதோடு புதிதாக ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. இரவெல்லாம் நாற்பது வரை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் காலையில் எழுந்து அந்த லாரிகளுக்கு நடுவே பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுவாரம் ஆஃபியா அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். டாக்டர் ராமசெல்வி அவருடைய வாயைத் திறக்கச்சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். டேப்பால் கழுத்தை அளந்தார். நாற்பத்து நான்கு சென்டிமீட்டர்.

"இவ்வளவு நாள் இல்லாம இப்ப ஏம்மா வந்தீங்க?"

"ஒரு எடத்துல பாத்தேன் டாக்டர்," என்றார் ஷம்ஷாத். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை.

டாக்டர் ஒரு தாளில் தொண்டையை வரைந்து காட்டினார். முழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக இருந்து வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கும்போது தளரும். கழுத்தில் கொழுப்பு அதிகமானால் அந்த வழி நசுங்கி மூடிக்கொள்ளும். நெஞ்சு மூச்சை இழுக்கப் போராடும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி எழுப்பிவிடும். மறுபடி தூங்கியதும் மறுபடி அதே கதை. "நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருந்ததுன்னு சொன்னீங்கல்ல, அது உங்க நெஞ்சோட போராட்டம்தான். வேற யாரும் இல்ல." ஒவ்வொரு முறையும் இதயம் அடி வாங்குகிறது, பிரஷர் ஏறுகிறது, இதுவே நாள்பட்டால் பக்கவாதம், மாரடைப்பு, தூக்கத்திலேயே இதயம் தாளம் தப்பி நிற்பதுகூட உண்டு என்றார்.

ஷம்ஷாத் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

தூக்கப் பரிசோதனைக்கு ஓர் இரவு அங்கேயே படுக்கச் சொன்னார்கள். ஷிஜி என்ற டெக்னீஷியன் தலையிலும் மார்பிலும் காலிலும் வயர்களை ஒட்டினாள். காலையில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். மலையும் மடுவுமாகப் போன கோடு, இடையிடையே தட்டையாகக் கிடந்தது.

"இங்கேல்லாம் மூச்சே இல்ல மா. மணிக்கு அறுபத்தெட்டு தடவ. இது எழுபது செகண்ட்."

ஷம்ஷாத் அந்தத் தட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை நகர்த்தினார். இந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று கேட்க நினைத்தார்.

ஒரு மெஷின் கொடுத்தார்கள். குழாய் வழியாகக் காற்றை அழுத்தமாக அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும். அதை முகமூடியோடு கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். முதல் நாள் ஆஃபியா வார்களைத் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டியபோது ஷம்ஷாத் பிய்த்து எறிந்துவிட்டார். தலையைச் சுற்றித் துணியை இழுத்து முடிச்சுப் போடும் வேலையை இருபத்தாறு வருடங்களாகச் செய்கிறவர் அவர். யாருக்குச் செய்கிறோம் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும்.

"உசிரோட கஃபன் கட்டிக்கிற மாரி கீது. என்னால ஆவாது."

ஆஃபியா வற்புறுத்தவில்லை. மறுநாள் மதியம் முகமூடியைக் குழாயில் மாட்டாமல் தன் முகத்தில் கட்டிக்கொண்டு, அதோடேயே சோறு வடித்து, அதோடேயே கீரை விற்பவளிடம் பேரம் பேசினாள். கீரைக்காரி எதுவும் கேட்காமல் ஒரு கட்டு கூடவே போட்டுவிட்டுப் போனாள். ஷம்ஷாத் அன்று வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் பகலில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கட்டிப் பழகினார். மூன்றாவது வாரம் அதோடு முழு இரவு தூங்கினார்.

அந்த இரவு மஜீது தூங்கவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. எண்ணத் தொடங்கி நூற்றைத் தாண்டிவிட்டார். எழுந்துபோய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றார். முகத்தில் குழாயோடு அசையாமல் கிடந்தவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. குனிந்து முகமூடிக்குப் பக்கத்தில் கையை வைத்தார். காற்று சீராக வந்துபோய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கையை எடுக்க மனமில்லாமல் விடியற்காலை பஜ்ரு பாங்கு வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதத்தில் ஷம்ஷாத்தின் மண்டைக் கனம் போனது. பிரஷர் மாத்திரை ஒன்று குறைந்தது. வருடம் திரும்புவதற்குள் எடை நூற்றுப் பதினெட்டுக்கு வந்தது. இன்னும் இறங்க வேண்டும், முடியவில்லையென்றால் இரைப்பை அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நெஞ்சின் மேல் யாரும் உட்காரவில்லை. முகமூடி இல்லாமல் கண்ணயர்ந்த ஒரு மதியம் மட்டும் திரும்ப வந்து உட்கார்ந்தது. காரணம் தெரிந்திருந்தும் எழுந்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

இதற்கிடையே, பல்கீஸின் நாற்பதாம் நாள் கழிந்து சில வாரங்களில் ரூஹி போன் செய்திருந்தாள்.

"அக்கா, இவருக்கும் மாமி மாரியே நிக்குது. நைட் ஷிப்ட் முடிச்சி வந்து பகல்ல தூங்கறாரு. மாமி கட்டுல்லதான் படுக்கறாரு. நான் சொன்னா கேக்கறதில்ல. நீங்க ஒருவாட்டி வாங்களேன்."

ஷம்ஷாத் போனார். அந்தத் தெருவில் அவர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் குழாயடியில் பேச்சு நின்றது. ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்தாள். இன்னொருத்தி வாசலுக்கு வந்து, "யாருக்கா?" என்று கேட்டாள். ஷம்ஷாத் என்ன சொல்வதென்று தெரியாமல், "யாரும் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் உள்ளே போவதற்குள் நான்கைந்து பேர் ரூஹி வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

காலித்துக்கு முப்பத்து நான்கு வயது. அம்மாவின் உடல்வாகு. மல்லாந்து கிடந்தான். ஷம்ஷாத் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கரகரப்பு ஏறியது, அறுந்தது. பதினைந்து. இருபத்தைந்து. வயிறு மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. வெளியே லாரியின் ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டு அடங்கியது. முப்பத்தெட்டில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

காலித் மூச்சை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தான். முதலில் பார்த்தது, தன் தாயைக் குளிப்பாட்டிய பெண்ணின் முகத்தை. அவர் கை தன் தோளில் இருப்பதைப் பார்த்தான். வாசலில் தெருப் பெண்கள் முக்காட்டோடு நிற்பதைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. தன் கையைத் தூக்கித் தன் கண்முன்னால் கொண்டுவந்து விரல்களை அசைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆவல நைனா," என்றார் ஷம்ஷாத். "எய்ந்து உக்காரு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். பேச்சு கோபமாக வந்தது. இப்படியா எழுப்புவார்கள் என்று ரூஹியைத் திட்டினான். ஷம்ஷாத்தின் பக்கம் திரும்பாமலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவர் டாக்டரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த மாதம் காலித் டாக்டரிடம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. ஷம்ஷாத் கேட்டுப் பார்க்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம், எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. யார் வீட்டில் என்று கேட்கத் தயாராகத்தான் எடுத்தார்.

"காலித் பேசறேன்மா. நாப்பத்தியேளாம்."

"எது?"

"ஒரு மணி நேரத்துக்கு நிக்கிறது. இன்னிக்கு ரிப்போர்ட் குடுத்தாங்க."

"மிசின் குட்த்தாங்களா?"

"நாளிக்கு வர சொல்லிகீறாங்க."

"சரி. இன்னிக்கு மல்லாந்து படுக்காதே. ஒருக்களிச்சு படு. ரூஹிய பக்கத்துல இருக்கச் சொல்லு," என்றார் ஷம்ஷாத்.